பர்மா போனவர்கள் எல்லோருமே இன்னொரு குடும்பம் கண்டவர்களா?
பர்மாவுக்குப் போய்த் திரும்பாத தாத்தாக்களைப் பற்றிய இந்தக் கட்டுரையில், அவர்களில் பெரும்பாலோர் அங்கே இன்னொரு குடும்பம் கண்டவர்கள்தான் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். சிலர் அப்படி இருந்திருக்கலாம், சரி. ஆனால் காணாமல் போன வருடத்தைப் பார்க்க வேண்டாமா? 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் பர்மாவின் மேற்குக் கரையில் இருக்கும் அரக்கானுக்கும், எல்லை ஊரான டாமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். காலரா, மலேரியா, பட்டினி என்று வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். எங்கள் பெரிய தாத்தாவின் கடிதமும் அந்தத் தை மாதத்தோடுதான் நின்றது. பெரிய பாட்டி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை, அதற்கும் ஊரில் ஏச்சு வாங்கினார். மேலே கருத்து எழுதிய ஒருவர், காணாமல் போனவர்களைக் கப்பல் பயணிகள் பட்டியலில் தேடச் சொல்கிறார். நடந்து வந்தவர் பெயர் அதில் எப்படி இருக்கும்? அதைவிட, கூடப் போன ஊர்க்காரர்களின் வீடுகளில் விசாரிக்கலாம். பர்மாவில் செட்டியார்களின் வட்டிக் கடைக்கு வேலைக்குப் போனவர்கள் மூன்று வருடத் தவணை முடித்துக் கணக்குத் தீர்த்துத் திரும்புவது வழக்கம். முதலாளி வீட்டில் பழைய பேரேடு மிஞ்சியிருந்தால், கடைசியாகச் சம்பளம் எழுதிய மாதமாவது தெரியும்.