பாயசத்துக்கு ரொக்கம், பருப்புக்குக் கடன்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் மதிய உணவுக்குப் பருப்பு, எண்ணெய், காய்கறி என் கடையிலிருந்துதான் போகிறது. அரிசியை அரசு கொடுத்துவிடுகிறது. மற்றதையெல்லாம் டீச்சர் கடனில் வாங்கிவிட்டு, அரசுப் பணம் வந்ததும் தீர்க்க வேண்டும். அது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜூனில் தொடங்கும் பற்றுப் பக்கம் ஓணத்துக்குள் நிரம்பிவிடும். கடைக்கு வந்தால் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, வெங்காய மூட்டையைப் பார்த்தபடியே பேசுவார்.

போன மாதம் ஒருவர் மகனின் பிறந்தநாளுக்குப் பள்ளியில் பாயசம் போடவேண்டும் என்று வந்தார். முந்திரி முழுசாக இருக்க வேண்டுமாம். சரக்கை இறக்க நானும் போனேன். படம் எடுப்பவர் வரும்வரை பிள்ளைகளைத் தட்டோடு முக்கால் மணி நேரம் வரிசையில் நிறுத்தி வைத்தார்கள். சின்னப் பையன் ஒருவன் தட்டை நெற்றிக்கு மேலே பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை, இறக்கு என்றார்கள். அதற்குள் சாம்பார் ஆறி ஏடு கட்டிவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அப்பாவின் திதிக்கு நானும் அதே பள்ளியில் லட்டு கொடுத்தேன், பெயர்ப் பலகையோடு. மத்திய அரசுத் திட்டத்தில் இப்படிக் கொடுப்பதற்குப் பெயரே ‘திதி போஜன்’. குஜராத்தில் தொடங்கிய வழக்கம், அங்கே திதி என்றால் விசேஷ நாள். நம் வீட்டில் பேரனின் பிறந்தநாளுக்குத் திதிச் சாப்பாடு என்று சொல்லிப் பாருங்கள், பாட்டி விளக்குமாற்றைத் தூக்குவாள்.

கொடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது ஊரார் கொடுத்ததும் சேர்ந்துதான் உலை கொதித்தது. ஆனால் 2001இல் உச்ச நீதிமன்றம், சமைத்த உணவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதன்பிறகு அந்தச் சோறு பிள்ளையின் பாத்தியதை. எவருடைய கேமராவுக்கும் அது காத்திருக்க வேண்டியதில்லை.

கொடைக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால், 2023 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் அரசே காலை உணவு போடுகிறது. மதியம் வாரத்தில் ஐந்து நாள் முட்டை. இந்தப் பக்கம் முட்டை ஒரு நாள், பால் இரண்டு நாள். காலை உணவு நடக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் பஞ்சாயத்தும் பெற்றோர் சங்கமும் கொடையாளர்களும்தான் தாங்குகிறார்கள். எங்கள் பள்ளியில் அதுவும் இல்லை. எட்டேமுக்காலுக்கு என் கடையில் ஐந்து ரூபாய் முறுக்குப் பொட்டலம் வாங்கும் பிள்ளைகள் சிலருக்கு அதுதான் காலை ஆகாரம். விற்கிறவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே கொடுக்க நினைப்பவர்கள் டீச்சரிடம் முதலில் கேளுங்கள்: எந்தக் கடையில் எவ்வளவு நிற்கிறது? கேஸ் சிலிண்டர் இருக்கிறதா? தக்காளி விலை ஏறிய மாதம் குழம்பில் என்ன விழுந்தது? நூறு பேருக்கு ஒருநாள் பாயசம் போடும் காசில் சில நாளைக்காவது காலையில் இட்லி போடலாம். கடைக்காரன் தன் பாக்கியை வசூலிக்க வழி பார்க்கிறான் என்று சிரிப்பீர்கள். அதுவும் உண்மைதான்.

பாயசச் சரக்கின் கணக்கு அன்றைக்கே ரொக்கமாகத் தீர்ந்தது. பள்ளியின் பக்கத்தில் நேற்று மூன்று கிலோ துவரம்பருப்பு எழுதினேன்.