நோயில்பூசுதல் சாகப்போகிறவருக்கு மட்டுமா?

நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிக்கும் கத்தோலிக்கச் சடங்குதான் நோயில்பூசுதல். அதைப்பற்றி ஒரு அண்ணன், "ஃபாதர் எண்ணெய் பூச வந்தால் ஆள் முடிந்தார் என்று அர்த்தம். ஜெபத்தில் விசுவாசம் இருந்தால் மருந்தும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

அந்தப் பயம் 'அவஸ்தைப்பூசுதல்' (மரண அவஸ்தையில் பூசுவது) என்ற பழைய பெயரோடு வந்தது. 1972-இல் போப் ஆறாம் பவுல் சடங்கைத் திருத்தியபின், கடுமையான நோயிலோ முதுமைத் தளர்ச்சியிலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம். பெரிய ஆப்பரேஷனுக்கு முன்பும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் பூசுவார்கள், அவ்வளவுதான். சாகும் தறுவாயில் இருப்பவருக்கென்று உள்ளது வழித்துணையாகத் தரும் நற்கருணை, அதாவது பூசையில் வசீகரித்த அப்பம்.

பினாங்கில் நம் வீடுகளில் நடப்பது என்ன? பெரியாஸ்பத்திரியில் பாட்டிக்கு மூச்சுக்குழாய் போட்டபிறகுதான் கோவிலுக்கு போன் போகும். அதற்குள் நினைவு தப்பியிருக்கும். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய முடியாது, நற்கருணை வாங்கவும் முடியாது. இறந்தவருக்குப் பூசுவதில்லை. அதனால் அட்மிஷன் தேதி தெரிந்த அன்றே கோவிலின் பங்கு அலுவலகத்தில் சொல்லுங்கள். வார்டு, கட்டில் எண், பார்வை நேரம் மூன்றையும் கொடுங்கள்.

மருந்து விஷயம்: பைபிளில் யாக்கோபு 5:14 சபையின் மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது, மருத்துவரை விலக்கச் சொல்லவில்லை. சீராக் 38 (கத்தோலிக்கப் பைபிளில் இருக்கும், புராட்டஸ்டன்ட் பைபிளில் பொதுவாக இருக்காது) முதலில் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு என்கிறது. இன்சுலினை நிறுத்திவிட்டு ஜெபமாலை உருட்டச் சொல்பவர் எந்த வசனத்தைப் படித்தாரோ!