கச்சானுக்கு டிகிரி கிடையாது

வாட்ஸ்அப்பில் மறுபடியும் அந்தப் படம் வந்துவிட்டது. நடுவில் ஒரு திசைகாட்டி, சுற்றிலும் காற்றின் தமிழ்ப் பெயர்கள், மூலையில் வள்ளுவர், கீழே ‘பெருமையுடன் பகிர்வோம்’. கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து கோடை, வடக்கு வாடை, தெற்கு தென்றல். சரி, பள்ளியில் படித்ததுதான், தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ராமேசுவரம் பக்கம் போய் வல்லத்தில் (நாட்டுப்படகுதான்) ஏறப்போகிற ஒருவரிடம் “இன்னைக்குக் கோடை எப்படிண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள், வெயிலைக் கேட்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். மேற்கே இருந்து வருகிற காற்றுக்கு மன்னார் வளைகுடாக் கரையில் கச்சான் என்று பெயர், தெற்கே இருந்து வருவது சோழகம், யாழ்ப்பாணம் வரைக்கும் இதே சொற்கள்தான் ஓடுகின்றன. (அங்கே வேர்க்கடலைக்கும் கச்சான்தான். கடையில் கேட்டால் காற்று வராது.) தெற்குக்கும் மேற்குக்கும் நடுவில் வந்தால் சோழகக் கச்சான், வடகிழக்கு என்றால் வாடைக் கொண்டல், இப்படி நாலு பெயரை வைத்துக்கொண்டு எல்லாத் திசையையும் சொல்லிவிடுவார்கள்.

படம் போடுகிறவர்கள் இதைத் திசைகாட்டியின் மேல் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை டிகிரி என்று எழுதிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு கரையில் கச்சான் என்றால் நேர் மேற்கு, இன்னொரு கரையில் தென்மேற்கு. ரெண்டும் சரி. கரைக்காரர் திசையை அளப்பது தன் கரையை வைத்து. நாகப்பட்டினத்தில் நின்றால் கடல் கிழக்கே, குளச்சலில் நின்றால் கடல் தெற்கும் மேற்குமாக, பாம்பனில் நின்றால் முன்னாலும் கடல் பின்னாலும் கடல். கரை திரும்புகிற இடத்தில் சொல்லும் கொஞ்சம் திரும்பத்தானே செய்யும்?

பாம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்று யாரும் பேசுவதில்லை. வடகடல், தென்கடல், அவ்வளவுதான். வாடை தொடங்கினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காலம் வந்தால் அப்படியே தலைகீழ். அதனால் நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்குப் பருவம் தொழிலை இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் மாற்றிக்கொள்வார்கள். ஆக ‘வாடை விழுந்துருச்சு’ என்று ஒருவர் சொன்னால் வடக்கே இருந்து காற்று வருகிறது என்பது மட்டும் செய்தி இல்லை. எந்தக் கடலில் இறங்கலாம், எந்த வலையை எடுக்கலாம், இன்னும் எத்தனை மாசத்துக்கு இந்தப் பாடு என்பதெல்லாம் அந்த ரெண்டு சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். டிகிரியில் இதையெல்லாம் எங்கே எழுதுவீர்கள்?

நிலத்தில் நிற்கும்போதும் இந்தச் சொற்கள் விடுவதில்லை. ஒருதடவை கடற்கரை மணலில் பைக்கை எங்கே நிறுத்துவது என்று முழித்துக்கொண்டிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலையைக்கூடத் தூக்காமல் “வல்லத்துக்கு வாடைப் பக்கம் போடுங்க தம்பி, இந்தப் பக்கம் கயிறு கெடக்கு” என்றார். அன்றைக்குக் காற்றே இல்லை.

காற்றை விட்டால் நீரோட்டம். குமரி, தூத்துக்குடிப் பக்கம் அதை நீவாடு என்பார்கள். வடக்கே இருந்து வருவது வாநீவாடு, தெற்கே இருந்து வருவது சோநீவாடு. வாடையும் சோழகமும் தண்ணீருக்குள்ளும் இறங்கிவிட்டன. சென்னைப் பக்கம் போனால் பெயர் வேறு, அங்கே நீரோட்டம் என்பது வெள்ளம், கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுவதை வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்கிறார்கள். மேல் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், அடித் தண்ணீர் வேறு பக்கம் இழுக்கும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வலையை விடுவார்கள். வலை முறுக்கிக்கொண்டால் ஒருநாள் உழைப்பு போச்சு.

நான் சொல்லவருவது இதுதான். மீனவர்களுக்கான எச்சரிக்கை என்று டிவியில் வாசிக்கிறார்களே, ‘குமரிக்கடல், மன்னார் வளைகுடாப் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும்’ என்று, அதில் வேகம் இருக்கும், காற்று எங்கிருந்து என்பது பெரும்பாலும் இருக்காது. 50 கிலோமீட்டர் வேகத்தில் கச்சான் அடிப்பதும் வாடை அடிப்பதும் பாம்பன்காரருக்கு ஒரே சேதியா? கூட ஒரு வரி, ‘கச்சான் பலக்கும், தென்கடலில் இறங்க வேண்டாம்’ என்று சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அறிவியலுக்கு இது ஒத்துவராது என்று யாராவது வருவார்கள். அவர்களுக்குக் கள்ளக்கடல் என்ற ஒரு சொல்லே போதும். காற்றும் மழையும் இல்லாமல், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பி, இங்கே திடீரென்று கரையேறுகிற அலைக்குக் கேரள மீனவர்கள் வைத்த பெயர் அது. 2012-ல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. இன்று ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே மாதம் குமரி மாவட்டத்துக்கும் அந்த எச்சரிக்கை வந்தது, தமிழ்ச் சேனல்களும் கள்ளக்கடல் என்றே சொன்னார்கள். அங்கே முடிந்தது கச்சானுக்கு ஏன் முடியாது?

சொல்லை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது சொல்லா பிரச்சினை? ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தியே எட்டவில்லை. அது தனிச் சண்டை, அதையும் போட வேண்டியதுதான். ஜிபிஎஸ் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நிறையப் படகுகளில் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் மாநிலம் முழுக்க ஒரே பட்டியல் தயாரித்து அனுப்பினால் அந்த வாட்ஸ்அப் படத்தின் கதைதான் ஆகும். ஒவ்வொரு மாவட்டத்திலும் கரைக்காரர்களை உட்காரவைத்துக் கேட்டு, அந்தந்தக் கரைக்கு அந்தந்தச் சொல் என்று எழுத வேண்டும்.

அதுவரைக்கும் நாமே கொஞ்சம் சேர்ப்போம். உங்கள் கரையில் தென்கிழக்கே இருந்து வருகிற காற்றுக்கு என்ன பெயர், அந்த நேரத்தில் கடல் எப்படி இருக்கும், என்ன மீன் படும், ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள். அகராதி பார்த்துப் போடாதீர்கள், வீட்டில் அப்பாவையோ தாத்தாவையோ கேட்டுப் போடுங்கள்.