கேம்பஸ் இன்டர்வியூ வரைக்கும் யார் வருகிறார்கள்?

அட்மிஷன் சீசன் வந்துவிட்டது. அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை ரோட்டோரம் முழுக்கக் கல்லூரி ஃபிளெக்ஸ்தான். எல்லாவற்றிலும் வேலைவாய்ப்பு சதவீதம் பெரிய எழுத்தில் இருக்கிறது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தச் சதவீதக் கணக்குக்குள் யாரெல்லாம் வருவதே இல்லை என்று பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

கல்லூரிக்குள் வர அரசு வழி பண்ணிவிட்டது. 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம், கட்டணமும் அரசே கட்டுகிறது. பெண்களுக்கு 2022-ல் புதுமைப்பெண், ஆண்களுக்கு 2024-ல் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் வருகிறது. (பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுக்குள் வர முடியாதவர்களும் உண்டு. சேலத்து மலைகளில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்குக் கிடைக்கும் எஸ்.டி. சான்றிதழ் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்களுக்குக் கிடைப்பதில்லை. அது தனியாக எழுத வேண்டிய கொடுமை.)

சரி, உள்ளே வந்த பிறகு என்ன ஆகிறது? பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் எல்லாமே ஆங்கிலம். கணக்கில் ஒன்று, இயற்பியலில் ஒன்று என்று அரியர் விழுகிறது. அடுத்த வருஷமே எழுதிப் பாஸாகிவிடுகிறார்கள். ஆனால் கடைசி வருஷம், ஆள் எடுக்க வரும் கம்பெனிகளின் நிபந்தனை என்று நோட்டீஸ் போர்டில் வருவது என்ன? பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், இதுவரை அரியரே வைத்திருக்கக் கூடாது. அந்த ஒரு வரியிலேயே பாதிப் பேர் வெளியே போய்விடுகிறார்கள். இன்டர்வியூ அறையில் எங்கள் எதிரில் வந்து உட்காரும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை.

போன வருஷம் இந்த வடிகட்டலை எடுத்துவிட்டு ஒரு கல்லூரிக்குப் போனோம். ஒரு பெண், ஆங்கிலத்தில் கேட்டபோது கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே நின்றது. மேசையில் கிடந்த துணித்துண்டை எடுத்து நீட்டி, தமிழில் கேட்டேன். இரண்டு விரலால் தடவி, லேசாக இழுத்து விட்டுப் பார்த்தது. "லைக்ரா போட்ட சிங்கிள் ஜெர்சிங்க சார். 180 ஜி.எஸ்.எம்.முக்குள்ளதான் இருக்கும்" என்றது. நீண்டு சுருங்கும் லைக்ரா நூல் சேர்த்துப் பின்னிய பனியன் துணி, ஒரு சதுர மீட்டர் 180 கிராமுக்குள் இருக்கும் என்கிறது. எடை போட்டுப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. "அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டறாருங்க, லீவு நாள்ல நானும் போவேனுங்க" என்றது. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். இன்றைக்கு ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சன்டைசிங் பிரிவில், எங்களிடம் துணி வாங்கும் ஐரோப்பிய பையருக்கு மெயில் போடுவது அந்தப் பெண்தான்.

தொழில் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. துணி வெட்டுவதற்கான அளவு வரைபடமான பேட்டர்ன் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, துணியை விரித்து வெட்ட மெஷின் வந்துவிட்டது. நூல் எந்த மில், சாயத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று பையர் ஆதாரம் கேட்கிறான். கோவைப் பக்கம் மின்சார வண்டி வரவர இன்ஜின் உதிரிபாகம் செய்த பட்டறைகள் யோசிக்கத் தொடங்கிவிட்டன. இது நமக்குப் புதிதும் இல்லை. 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்காக ஓடிய பிறகுதான் தொழில் எழுந்தது. கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ.வும், மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் ஓட்ட, வேதியியலும் பட்டறையும் சேர்ந்து தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களைக் கடைசி பெஞ்சில் விட்டுவிட்டு எந்தக் கல்லூரியும் வரப்போகிற வேலைக்கு ஆள் தயார் பண்ண முடியாது.

கல்லூரிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அடிப்படையைச் சொல்லித்தருகிறோம் என்று நடத்தும் இரண்டு வாரப் பிரிட்ஜ் கோர்ஸ் எதற்கும் உதவாது. முதல் வருஷம் முழுக்க, தமிழில் புரியவைத்து ஆங்கிலத்தில் எழுதப் பழக்க வேண்டும். பத்தாவது மார்க் கேட்கிற கம்பெனியிடம் பிளேஸ்மென்ட் ஆபீசர் துணிந்து மறுத்துப் பேச வேண்டும். பெண்கள் விடுதிக் கதவை மாலை ஆறு மணிக்கே பூட்டினால் அந்தப் பிள்ளைகள் எப்படி இன்டர்ன்ஷிப் போவார்கள்? கம்பெனி வண்டியிலேயே கொண்டுவந்து விடுகிறோம் என்று சொல்லியும் ஒரு கல்லூரி மறுத்துவிட்டது. இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம் தர வேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறது. வாசலில் சாய்தளம் கட்டுகிறார்கள், கம்ப்யூட்டர் லேப் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. காது கேளாத பிள்ளைக்கு சைகை மொழி பெயர்க்க வகுப்பில் யாரும் இல்லை. தையல் லைனில் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் பனியன் கம்பெனிகள் இந்த ஊரில் இருக்கின்றன. கல்லூரிக்கு மட்டும் ஏன் முடியாது?

அப்புறம், பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கவுன்சிலிங்குக்கு முன்னால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வேலைவாய்ப்பு சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். 7.5 சதவீதத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்டர்வியூவில் உட்கார்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். எண்ணிக்கையை எழுதித் தரச் சொல்லுங்கள்.