ஸ்கேனோடு சேர்த்து இதையும் கேளுங்கள்

நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு குடும்பத்தின் கண் முழுக்க ஸ்கேன் ரிப்போர்ட் மேலேயே இருக்கும். கட்டி எத்தனை மில்லிமீட்டர் சுருங்கியது, புதிதாக எங்கேயாவது பரவியிருக்கிறதா? இதெல்லாம் தெரிய வேண்டும்தான். ஆனால் அதே அக்கறையோடு கேட்க வேண்டிய இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இவரால் இப்போது என்னவெல்லாம் செய்ய முடிகிறது? படி ஏறுகிறாரா, தானே குளிக்கிறாரா, பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார்? அம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது கடைசிவரை கூடவே இருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் எழுதி ஃபைலில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது புதுச் சிந்தனை ஒன்றும் இல்லை. 1940களின் கடைசியில் டேவிட் கார்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்கு நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற ஆரம்பகாலக் கீமோ மருந்தைக் கொடுத்துப் பார்த்த காலத்தில், பலன் உண்டா என்று அறிய நோயாளியின் அன்றாட இயக்கத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டார். இன்று பரவலாகப் பயன்படுவது ‘ஈகாக்’ (ECOG) அளவுகோல். இதில் எண் கூடக் கூட இயக்கம் குறைவு. 0 என்றால் முன்போலவே எல்லா வேலையும் செய்கிறார். 2 என்றால் தன்னைத் தானே கவனித்துக்கொள்கிறார், வேலைக்குப் போக முடியாது, ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் நடமாட்டத்தில் இருக்கிறார். 3 என்றால் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ போகிறது. 4 என்றால் முழுக்கப் படுக்கை.

எந்த மருந்து, எவ்வளவு, கொடுக்கலாமா வேண்டாமா என்ற முடிவிலெல்லாம் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. புது மருந்து ஆய்வுகளில் பெரும்பாலும் 0, 1 உள்ளவர்களை மட்டுமே சேர்ப்பார்கள். இம்யூனோதெரபியில் (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 32 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் என்று, அந்த வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் பற்றிய ஆய்வு ஒன்றைப் படிக்கும்போது, அதில் இருந்தவர்கள் இப்படிப்பட்டவர்கள், அதோடு கட்டியில் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரின் வீட்டில் அந்த 32 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இவ்வளவு முக்கியமான ஈகாக் எண், பல இடங்களில் மருத்துவர் அரை நிமிடம் பார்த்துப் போடுவதாக இருக்கிறது. நோயாளியும் டாக்டர் அறைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து “பரவாயில்லை டாக்டர்” என்பார். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வார். அதனால்தான் நோயாளியே நிரப்பும் கேள்வித்தாள்கள் வந்தன. ஐரோப்பாவில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் ஒன்றில் உடல் இயக்கத்துக்கென்றே ஐந்து கேள்விகள் உண்டு: கனமான பை தூக்க முடிகிறதா, நீண்ட தூரம் நடக்க முடிகிறதா, வீட்டுக்கு வெளியே கொஞ்ச தூரமாவது நடக்க முடிகிறதா, பகலில் படுக்கையோ நாற்காலியோ தேவைப்படுகிறதா, சாப்பிட, உடுத்த, குளிக்க உதவி வேண்டியிருக்கிறதா. இதில் நோயாளி தரும் பதிலுக்கும் அவருடைய ஆயுளுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆறு நிமிட நடைச் சோதனையும் அப்படியே. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 118 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், கூடுதலாக நடந்த ஒவ்வொரு 50 மீட்டருக்கும் இறப்பு அபாயம் 13 சதவீதம் குறைவாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் நோயாளியிடம் போய் “நடந்தால் பிழைப்பாய், முயற்சி பண்ணு” என்று நிற்காதீர்கள். நோய் கடுமையாக இருப்பதாலேயே நடை குறைந்திருக்கலாம். தசை உருகுவது சோம்பலால் அல்ல. கட்டி கிளப்பிவிடும் அழற்சி உடம்பையே கரைக்கிறது, நிறையச் சாப்பிடுவதால் மட்டும் அதை நிறுத்திவிட முடியாது. இந்த நோயில் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமும் இல்லை. நடக்கும் திறனைக் கொஞ்சம் காப்பாற்ற உதவலாம், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்பேன்.

ஆனால் இயக்கம் குறைந்தால் உடனே “நோய் முற்றிவிட்டது” என்று முடிவு கட்டுவதும் தவறு. அம்மாவால் திடீரென்று நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனது. கைகள் நன்றாகத்தான் இருந்தன, தொடையில்தான் பலமில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் முடிவு நெருங்கிவிட்டது என்றே பேசினார்கள். மூளையில் இருந்த வீக்கத்துக்காகக் கொடுத்த ஸ்டீராய்டுதான் தொடைத் தசையைப் பலவீனமாக்கிவிட்டது என்று ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் சந்தேகப்பட்டுச் சொன்னார். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார் (தானாக நிறுத்துவது ஆபத்து). அப்புறம் அம்மா மெதுவாக எழுந்து நடந்தார். இப்படித் தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் இன்னும் உண்டு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், எடுத்துவிட்டால் மூச்சு இலகுவாகும். ரத்தசோகை இருக்கலாம். எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உதவும். இம்யூனோதெரபியால் தைராய்டு சுரப்பு குறைந்தும் ஆள் ஓய்ந்துபோவார். மனச்சோர்வும் இருக்கலாம்.

“உடம்பு தாங்காது” என்று கைவிடுவதற்கு முன்னால் மரபணுச் சோதனை நடந்ததா என்றும் கேளுங்கள். 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்து, கீமோ தாங்க முடியாத நிலையில் இருந்த 30 பேருக்கு, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிடினிப் மாத்திரை கொடுத்தார்கள். பெரும்பாலோர் ஈகாக் 3 அல்லது 4 நிலையில் இருந்தவர்கள். 79 சதவீதம் பேரின் இயக்க நிலை முன்னேறியது.

பேலியேட்டிவ் கேர் (வலியையும் அவதியையும் தணிக்கும் பராமரிப்பு) என்றாலே கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறோம். பாஸ்டனில் 151 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். கடைசி நாட்களில் கடும் சிகிச்சையும் பேலியேட்டிவ் கேர் பெற்றவர்களுக்குக் குறைவாகவே கொடுக்கப்பட்டது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, போன மாதம் முடிந்து இந்த மாதம் முடியாமல் போனவை என்னென்ன என்று தேதி போட்டு எழுதிக் கொண்டுபோங்கள். “இது எதனால்? சரிசெய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். எல்லாம் தேடிப் பார்த்தும் காரணம் நோய்தான் என்றால், அடுத்த கீமோ வேண்டுமா என்பதை நோயாளியையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே.