முதலில் நாய் வாங்காதீர்கள்

மூன்று நாளாக எதுவும் எழுதாமல் இருந்தேன். சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும், படத்தையும் பார்த்திருப்பீர்கள், அதை நான் மறுபடி பகிரப் போவதில்லை. தம்பி ஒருவன் வாங்கிய இரண்டு குட்டிகளில் ஒன்று, எட்டு மாதக் குட்டி. வாக்கர் ஹவுண்டு, மோப்பம் பிடித்து விரட்டும் வேட்டை நாய். இங்கே கொலராடோ மலையில் பாப்கேட் என்ற காட்டுப்பூனையைத் தேடிப் போன நாய், மானை விரட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறி வண்டியில் அடிபட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான் கதை. இதற்கு "விபத்து, யாரையும் குறை சொல்ல முடியாது" என்று நூற்றுக்கணக்கில் ஆறுதல்கள். சரி, குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன் இதே தம்பி என்னிடம் "அண்ணா, எந்தக் குட்டி வாங்கலாம்?" என்று கேட்டபோது "எதையும் வாங்காதே, இந்தக் குளிர்காலம் முழுக்க யாராவது ஒருவரின் நாய்களுக்குப் பின்னால் சும்மா நட" என்று சொன்னேன். அதற்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? பொறாமைக்காரன். "தான் மட்டும் வேட்டைக்காரன் என்று காட்டிக்கொள்ள அடுத்தவனை வரவிடாமல் தடுக்கிறார்." நல்லது.

மறுபடியும் சொல்கிறேன். முதலில் நாய் வாங்காதீர்கள்.

ஏன் என்று கேட்காமலேயே திட்டியவர்களுக்காக விளக்கமாகவே சொல்கிறேன். பாப்கேட்டின் வாசம் லேசானது. அது நேராக ஓடாது. விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் நடக்கும், பாறை விளிம்பில் போகும், வந்த தடத்திலேயே திரும்பி வந்து பக்கவாட்டில் ஒரு தாவு தாவிவிடும். பழகிய கிழட்டு நாயே அந்த இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி மோப்பம் பிடிக்கும். மான் அப்படியா? நிறைய வாசம், நேரான ஓட்டம், கண்ணுக்கு முன்னால் துள்ளல். ஒன்றும் தெரியாத குட்டி எதை எடுக்கும்? மானைத்தான் எடுக்கும். இங்கே அதற்கு 'ட்ராஷ்' என்று பெயர், விரட்டக் கூடாததை விரட்டுவது. அந்தப் பழக்கத்தை முறிக்க ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடம் ஆகலாம், முறியாமலேயும் போகலாம். குட்டிக்குச் சொல்லித் தருவது நீங்கள் இல்லை, இன்னொரு முதிர்ந்த நாய். வீட்டில் அப்படி ஒரு நாய் இல்லாமல் இரண்டு குட்டிகளை வாங்கிக் காட்டில் அவிழ்த்துவிட்டால், ஒன்றும் தெரியாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துகிற மாதிரிதான்.

முதலில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நாயையே அல்ல, தடத்தை. விடியும் முன் மண்சாலையில் வண்டியை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு புதுப் பனியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பூனைத் தடம் வட்டமாக இருக்கும், நகம் பதியாது. ஓநாய் மாதிரி இருக்கும் கயோட்டியின் தடம் நீளமாக, நகத்தோடு இருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் போன தடமா, இப்போது போனதா? இதைப் படிக்கத் தெரியாமல் கண்ட தடத்தில் எல்லாம் நாயை விடக் கூடாது. அப்புறம் லிங்ஸ், பாப்கேட்டைப் போலவே இருக்கும் இன்னொரு காட்டுப்பூனை. 1999லிருந்து 2006 வரை 218 லிங்ஸ்களைக் கொண்டுவந்து கொலராடோ மலைகளில் விட்டார்கள், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயரத்தில் ஸ்ப்ரூஸ் காட்டில் பெரிய பஞ்சுப் பாதம் பதிந்த தடம் கண்டால் நாயை வண்டியில் இருக்கும் பெட்டியை விட்டே இறக்கக் கூடாது. நாய் விரட்டி மரத்தில் ஏற்றியதன் வால் நுனி சுற்றிலும் கறுப்பா, மேல்பக்கம் மட்டும் கறுப்பா என்று கீழே இருந்து பார்த்துச் சொல்லத் தெரியுமா? சுற்றிலும் கறுப்பு என்றால் லிங்ஸ். தெரியாதென்றால் உங்களுக்கு எதற்கு நாய்?

"ஜிபிஎஸ் காலர் போட்டிருந்தால் தப்பித்திருக்கும்" என்று ஒரு அறிஞர். போட்டுத்தான் இருந்தது ஐயா. கருவியும் காலரும் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தொடும், அதை எல்லாம் தம்பி சரியாகவே வாங்கியிருந்தான். நாய் எங்கே இருக்கிறது என்று காலர் சொல்லும், எதை விரட்டுகிறது என்று சொல்லாது. சாலையில் ஏறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பழகிய நாய் விலை தெரியுமா?" தெரியும். பல ஆயிரம் டாலர். நியாயமான கேள்விதான், என்னிடமும் அப்போது காசு இல்லை. அதனால்தான் நடக்கச் சொல்கிறேன், நடப்பதற்குக் காசு கேட்பதில்லை யாரும்.

"எல்லோரும் குட்டியில்தானே தொடங்கினார்கள்?" இல்லை.

"கோவில்பட்டிக்காரருக்கு நாய் ரத்தத்திலேயே ஊறியது, எங்களுக்கு அப்படியா" என்று நக்கலாக ஒருவர். என் தாத்தாவிடம் இரண்டு கன்னி நாய்கள் இருந்தது உண்மை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய கதை, நானே அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அவை கண்ணால் ஓடும் நாய்கள். கரிசல் வெட்டவெளியில் முயல் எழுந்தால் இரண்டே நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். இங்கே நாய் மூக்கால் ஓடுகிறது, இரண்டு மலைக்கு அப்பால் குரல் மட்டும்தான் கேட்கும். தடத்தில் இருக்கும்போது நீட்டி ஊளை, மரத்தில் ஏற்றிவிட்டால் வெட்டி வெட்டிக் குரைப்பு. அந்த மாற்றம் என் காதில் விழவே இரண்டாவது குளிர்காலம் ஆனது. ரத்தம் ஒன்றும் உதவவில்லை. ஒன்று மட்டும் தாத்தா வீட்டிலிருந்து நினைவிருக்கிறது: கன்னிக் குட்டியை விற்க மாட்டார்களாம். கேட்பவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துத்தான் கொடுப்பார்களாம். இங்கே இணையத்தில் படத்தைத் தட்டினால் வீட்டு வாசலில் குட்டி.

என் முதல் குளிர்காலத்தைச் சொல்கிறேன், நான் மேதாவி இல்லை என்பதற்காகவே. ஒரு பெரியவரின் பின்னால் நடந்தேன். அவர் சொல்லும் முன்பே அவசரப்பட்டு அவருடைய புளூடிக் நாயின் வாரை அவிழ்த்துவிட்டேன். அது பழைய தடம். நாய் இருட்டும் வரை வரவில்லை. அவர் திட்டவில்லை. தன் கோட்டைக் கழற்றி நாயை விட்ட இடத்தில் பனி மேல் விரித்துவிட்டு, அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் விடிகாலை போனால் நாய் கோட்டின் மேல் சுருண்டு தூங்குகிறது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

"வேட்டையே பாவம், இதில் முறை என்ன முறை" என்பவர்களுக்கு: பிரியாணிப் படத்துக்குக் கீழே இருந்து எழுதாமல் வேறு எங்கிருந்தாவது எழுதுங்கள், பதில் சொல்கிறேன். நாங்கள் மரத்தில் ஏற்றுகிற பூனைகளில் பெரும்பாலானவற்றைப் படம் எடுத்துவிட்டு, நாய்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 1996லேயே வாக்கெடுப்பில் நாய் விட்டு பாப்கேட் வேட்டையாடுவதைத் தடை செய்தார்கள், கலிபோர்னியாவில் 2012இல் சட்டம் போட்டார்கள். இங்கே 2024 நவம்பரில் பாப்கேட், மலைச்சிங்க வேட்டையைத் தடை செய்யக் கேட்ட 127ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றபோது நாங்கள் எல்லோரும் கூடிச் சிரித்தோம். ஹவுண்டு வைத்திருப்பவர்கள் பொறுப்பானவர்கள் என்று கதவைத் தட்டித் தட்டிச் சொன்னோம். அடுத்த வாக்கெடுப்பு வந்தால் சனிக்கிழமைப் படத்தை எந்தக் கதவில் ஒட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதைக் கேட்டால் நான் பொறாமைக்காரன். பதினோரு வருடம் இந்த மலையில் நடந்தவனுக்கு, இங்கே வந்து இரண்டு வீடியோ பார்த்தவர்கள்...

விடுங்கள், அதை எழுத வேண்டாம்.

நேற்று இரவு தம்பி கூப்பிட்டான். ரொம்ப நேரம் பேசவில்லை. மிச்சமிருக்கிற குட்டி சாப்பிட மாட்டேன் என்கிறதாம், வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறதாம். நான் பதிவாக எழுதிவைத்திருந்த எதையும் அவனிடம் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வண்டிக்கு வந்துவிடு, குட்டி வீட்டிலேயே இருக்கட்டும், நல்ல பூட்ஸ் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னேன்.