அந்தக் குடியுரிமை தானாக வருவதில்லை

அமெரிக்கப் படையில் பணியாற்றி உயிரிழக்கும் வெளிநாட்டு இளைஞருக்கு உடனே குடியுரிமை கிடைத்துவிடும் என்றும், அவருடைய பெற்றோரும் அத்துடன் அமெரிக்கராகிவிடுவர் என்றும் சேலம் அஸ்தம்பட்டி நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. குவாத்தமாலாவில் பிறந்து, பெற்றோரை இழந்து, பதின்வயதில் அமெரிக்காவுக்குச் சென்று, 2003 மார்ச் 21 அன்று ஈராக்கில் உயிரிழந்த அமெரிக்கப் படைவீரர் ஹொசே குட்டியெரஸை அந்த நண்பர் நினைவுகூர்ந்திருப்பது பொருத்தமானதுதான். ஆனால் ஹொசேவுக்கு இறந்த பின்னர் வழங்கப்பட்ட குடியுரிமையிலிருந்து நண்பர் எடுத்த முடிவு தவறானது.

இறந்தவருக்குக் குடியுரிமை வழங்க 1990இல் இயற்றப்பட்ட சட்டம் வெறும் மரியாதைக்கானது. குடும்பத்தினருக்கு அதனால் எந்தப் பயனும் இருக்கவில்லை. 2003 நவம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகே மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் குடியேற்றச் சலுகை கோர வழி பிறந்தது. அதுவும் விண்ணப்பிக்கும் வழியே தவிர, தானாக வரும் குடியுரிமை அன்று. இறந்தவருக்கான குடியுரிமையையும் நெருங்கிய உறவினர் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தே பெற வேண்டும். போர்க்காலப் பணியின்போது நேர்ந்த காயமோ நோயோதான் மரணத்துக்குக் காரணம் என்பதும் உறுதிப்பட வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டாரிடம் இத்தனை தாள்களைக் கேட்பது கொடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நடைமுறை அதுதான்.

சேலத்திலிருந்து பிள்ளைகளை மேற்படிப்புக்கு அமெரிக்காவுக்கு அனுப்பியுள்ள பெற்றோர் இங்கே பலர் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்கப் படையில் பொதுவாகச் சேரவே முடியாது, பச்சை அட்டை, அதாவது நிரந்தர வசிப்புரிமை, வேண்டும்.